காலியாகத் திரும்பிய பாட்டில்கள்

திங்கட்கிழமை காலை, கழிவறையில் உட்கார்ந்து கீழே பார்த்தேன். சிறுநீர் பால் ஊற்றாத கோப்பி நிறத்தில் இருந்தது. இதே நிறத்தை ஒரு குதிரையிடம் பார்த்திருந்தால் லாயமே அதிரும்படி கத்தியிருப்பேன். என்னுடையது என்பதால் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பல் துலக்கப் போனேன்.

என் பெயர் ஜெசிந்தா. வயது நாற்பத்தேழு. மலேசியாவில் பத்து காஜா என்ற ஊருக்கு வெளியே, ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்ட ஒரு தோட்டத்தின் ஓரத்தில் குதிரை லாயம் ஒன்று இருக்கிறது. அதன் முதலாளி ஒரு சீனர். லாயத்துக்குப் பொறுப்பு நான். பதினான்கு குதிரைகள். அவற்றில் நான்கை நெடுந்தூரப் போட்டிக்குத் தயார் செய்வதும் ஓட்டுவதும் என் வேலை.

திடீரென்று சிறுநீரகம் நின்றுபோய்க் கட்டிலில் கிடப்பவர்களுக்காகவும், அந்தக் கட்டில் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அது ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் போட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எண்பது கிலோமீட்டரை மூன்று சுற்றாகப் பிரித்து ஒரே நாளில் குதிரை மேல் முடிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மிருக வைத்தியரின் சோதனை. குதிரையின் இதயத் துடிப்பு இருபது நிமிடத்துக்குள் அறுபத்துநான்குக்குக் கீழே இறங்க வேண்டும். ஈறின் நிறம், வயிற்றுச் சத்தம், நடை எல்லாவற்றையும் பார்ப்பார்கள். ஒன்று சரியில்லை என்றாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. தேறினாலும் உடனே கிளம்ப முடியாது. நாற்பது நிமிடம் கட்டாய ஓய்வு. குதிரைக்கு வலி மாத்திரை கொடுத்திருந்தால் தடை.

ஓட்டுகிறவருக்கு ஒரு சோதனையும் கிடையாது. அவர் எதை வேண்டுமானாலும் விழுங்கலாம்.

அந்தச் சனிக்கிழமை நான் ஓட்டியது மெலாத்தி என்ற சாம்பல் நிறப் பெண் குதிரையை. எண்பதை முடித்தால் அடுத்து நூற்றிருபதுக்குத் தகுதி. எனக்கு அந்த வாரம் மூன்று நாள் காய்ச்சல். குதிரைக்கு உடம்பு சுட்டால் முந்தின நாளே திருப்பி அனுப்பிவிடுவார்கள். என் நெற்றியைத் தொட்டுப் பார்க்க அங்கே யாருக்கும் வேலை இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. உடம்பு வலிக்கு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். நாள் முழுவதற்கும் ஆறு மாத்திரை.

வழியில் தண்ணீர் கொடுப்பது என் வீட்டுக்காரர் சவரி. லாரிப் பட்டறையில் வேலை. போட்டி நாளில் தோட்டத்துச் செம்மண் பாதையில் வேனை ஓட்டிக்கொண்டு எனக்கு முன்னால் போய், சொன்ன இடத்தில் நிற்பார். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பாட்டில்கள். சிவப்பு டேப் ஒட்டியது குதிரையின் கழுத்தில் ஊற்ற. நீல டேப் ஒட்டியது நான் குடிக்க. குதிரையை நிறுத்தாமல் இரண்டையும் வாங்கிக்கொண்டு, தீர்ந்ததும் காலிப் பாட்டிலைப் பாதையோரம் எறிந்துவிட்டுப் போவேன். அவர் பின்னால் வந்து பொறுக்கிக்கொள்வார். பத்து வருடமாக இப்படித்தான்.

அன்றைக்கு நீல டேப் ஒட்டிய ஆறு பாட்டில் கொடுத்தார். முதலாவதில் இரண்டு வாய் குடித்தேன். மீதியும் மற்ற ஐந்தும் மெலாத்தியின் கழுத்துக்குப் போயின.

இதைச் செய்யாத ஓட்டுநர் இருந்தால் எனக்குக் காட்டுங்கள். கழுத்து நரம்பின் மேல் தண்ணீர் விழுந்தால் துடிப்பு சீக்கிரம் இறங்கும். துடிப்பு இறங்கினால்தான் அந்தச் சுற்றுக்கான நம் கடிகாரம் நிற்கும். ஒவ்வொரு நிமிடமும் நமக்கு லாபம். கையில் இருக்கும் தண்ணீர் நம் தொண்டைக்கா குதிரையின் கழுத்துக்கா என்ற கேள்வியே அந்த நேரத்தில் வராது. இன்னொன்றும் உண்டு. குடித்தால் இறங்க வேண்டும். ஆம்பிளைகளுக்கு என்ன, மரத்தைப் பார்த்து நின்றால் முடிந்தது. நான் இறுக்கமான கால்சட்டையோடு செம்பனை முள்ளுக்கு நடுவே இடம் தேட வேண்டும்.

மூன்றாவது சுற்றில் வெயில் ஏறிவிட்டது. மெலாத்தியின் மூச்சு எனக்குப் பிடிக்கவில்லை. கடைசி ஏழு கிலோமீட்டருக்கு நான் இறங்கி, அவளைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். இதுவும் எங்கள் ஆட்களிடம் சாதாரணம். முதுகில் பாரம் இல்லாவிட்டால் குதிரை ஆறும். சுற்று முடிந்ததும் மெலாத்தியின் துடிப்பு பதினொரு நிமிடத்தில் அறுபதுக்கு இறங்கியது. வைத்தியர் ஹலிம் அவள் ஈறை அழுத்திப் பார்த்து, "குடா ஓகே," என்றார். குதிரைக்கு ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. மாதா கோயிலில் பூசைக்குப் போய் முழங்காலிட்டவள் எழுந்திருக்க முடியாமல் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். ஓடினதால் வந்த வலி என்று இன்னும் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு, மத்தியானம் லாயத்தில் சாணி அள்ளினேன். திங்கட்கிழமை காலை அந்த நிறம்.

இதில் கொடுமை என்னவென்றால், இந்த நோய் எனக்கு இருபது வருடப் பழக்கம். லாயங்களில் இதற்குத் திங்கட்கிழமை வியாதி என்று பேர். ஞாயிறு முழுக்கச் சும்மா நின்று தீனி தின்ற குதிரையைத் திங்கள் வேலைக்குக் கொண்டுபோனால் பின்கால் தசை இறுகி நின்றுவிடும். சிறுநீர் கோப்பி நிறமாகும். அப்படி ஒரு குதிரையை ஓரடிகூட நடத்தக் கூடாது. தண்ணீர் காட்டி வைத்தியரைக் கூப்பிட வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் எல்லோருக்கும் முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுப்பேன்.

சவரிதான் என்னைத் தூக்காத குறையாக வேனில் ஏற்றி ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ரத்தத்தில் இரண்டு விஷயம் பார்த்தார்கள். ஒன்று சிகே (தசை சிதைந்தால் ரத்தத்தில் கசியும் பொருள்). நூறுகளில் இருக்க வேண்டியது எனக்குத் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியிருந்தது. இன்னொன்று கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவு). அதுவும் எகிறியிருந்தது. தசை உடைந்து ரத்தத்தில் கலந்து, அந்தக் கசடு சிறுநீரகத்தை அடைத்துவிட்டது என்றார் டாக்டர் சுகுணா. பாரிட் புந்தார் பக்கத்துப் பெண். என்னைவிட வயதில் சின்னவர். கூட்டிச் சொல்லவும் மாட்டார், குறைத்துச் சொல்லவும் மாட்டார்.

"சனிக்கிழமை எவ்ளோ தண்ணி குடிச்சீங்க?" என்று என்னிடம் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் சவரி முந்திக்கொண்டார். "ஆறு பாட்டில் டாக்டர். என் கையால குடுத்தேன். அத்தனையும் காலியாத்தான் திரும்பி வந்துச்சு. தண்ணி விஷயத்துல நான் ரொம்ப கண்டிப்பு."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். வாங்கிக் கட்டிக்கொள்ளப் பயம். தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று பத்து வருடமாகக் காது புளிக்கக் கேட்டவள் நான். கேவலமாகவும் இருந்தது. இரண்டு நாளில் சரியாகிவிடும், அப்புறம் எதற்குச் சொல்வது என்றும் நினைத்தேன்.

தண்ணீர் குறையவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும். லாயம், காய்ச்சல், தசை வலி எல்லாம் சேர்ந்ததால் எலிக்காய்ச்சலாக (எலியின் மூத்திரம் பட்டு வருவது) இருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். அதற்கு மருந்து ஏற்றினார்கள். லாயத்தில் வேலை செய்யும் நான்கு பேரையும் ரத்தச் சோதனைக்கு வரச் சொன்னார்கள். முதலாளி பயந்துபோய்த் தீவன மூட்டைகளை எல்லாம் எரித்துவிட்டார். சவரி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் எலியைத் திட்டினார். நான் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமைக்குள் சிறுநீர் அறவே நின்றுவிட்டது. கழுத்து நரம்பில் குழாய் வைத்து முதல் டயாலிசிஸ் (ரத்தத்தை வெளியே எடுத்து இயந்திரத்தில் சுத்தம் செய்து திருப்பி அனுப்புவது) செய்தார்கள். பக்கத்து நாற்காலியில் ஓர் அக்கா. சிம்பாங் பூலாய்க்காரர். வாரத்துக்கு மூன்று தரம், எட்டு வருடமாக வருகிறார். "முதல்ல அழுகதான் வரும் லா. அப்புறம் பழகிரும்," என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு இது பழக வேண்டாம். வாரத்துக்கு மூன்று நாள் நாற்காலியில் கட்டிப்போட்டால் நான் எந்தக் குதிரையைத் தொடுவேன்?

டாக்டர் சாயங்காலம் வந்தபோது கேட்டேன். "திரும்பி வருமா டாக்டர்?"

"நெறைய பேருக்கு வருது. சிலருக்கு வர்றதில்ல. காரணம் சரியா தெரிஞ்சா எனக்கும் சொல்ல வசதியா இருக்கும்."

சவரி பக்கத்தில்தான் இருந்தார். மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னேன். பாட்டில், மாத்திரை, காய்ச்சல், ஏழு கிலோமீட்டர், எல்லாம்.

டாக்டர் எழுதிக்கொண்டார். பேனாவை மூடிவிட்டு, "உங்க குதிரைய பாக்குற டாக்டர்கிட்ட இப்டி மறைப்பீங்களா?" என்று கேட்டார்.

"மாட்டேன்."

"சரி. இப்ப செய்ற வைத்தியம்தான், பெருசா மாறாது. ஆனா நாலு பேர சும்மா குத்த வேண்டியதில்ல."

சவரி எழுந்தார். "கீழ போய் கோப்பி குடிச்சிட்டு வாரேன்," என்றார். மூன்று மணி நேரம் வரவில்லை.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "என்னைய சாட்சியா வெச்சு பொய் சொல்லிட்ட ஜெசி. ஆறு பாட்டில், ஆறு பாட்டில்னு ஊர் பூரா சொன்னேன். நீ பாட்டுக்கு படுத்து கேட்டுக்கிட்டு இருந்த."

"மன்னிச்சிருங்க," என்றேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அந்த வார்த்தையை நான் அவரிடம் அதிகம் செலவழித்ததில்லை.

"காலி பாட்டில பாத்து எவ்ளோ சந்தோசப்பட்டேன் தெரியுமா," என்றார். அப்புறம் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சிறுநீர் வராதவருக்குத் தண்ணீரும் கிடையாது. உள்ளே போனது வெளியே வராமல் நுரையீரலில் தேங்கும். ஒரு நாளைக்கு அரை லிட்டர் என்று அளவு வைத்தார்கள். கஞ்சி, மாத்திரைக்குக் குடிக்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள். மறுநாள் சவரி வீட்டிலிருந்து ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நீல டேப் ஒட்டியது. சரியாக அரை லிட்டர் பிடிக்கும். வேண்டுமென்று அதை எடுத்துவந்தாரா, கைக்கு அகப்பட்டதை எடுத்துவந்தாரா என்று நான் கேட்கவில்லை.

தாகத்தைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. எழுதினால் புலம்பல் ஆகிவிடும். ஒரு மூடி தண்ணீரை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பேன். ஆறு நிமிடம் தாங்கும். மெலாத்தியின் கழுத்தில் வழிந்து செம்மண்ணில் விழுந்த தண்ணீர் கண்ணுக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருந்தது. கோயில் மாதர் சங்கத்து அக்காமார் உடம்புக்குக் குளிர்ச்சி என்று ஆறு இளநீர் சுமந்துகொண்டு வந்தார்கள். தாதி பாய்ந்து வந்து பறித்துக்கொண்டாள். இளநீரில் பொட்டாசியம் அதிகம் (சிறுநீரகம் நின்றவருக்கு அது இதயத்தை நிறுத்திவிடும்). உங்களைப் பார்க்க வருகிறவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த இளநீரை நினைத்து நான் அன்று அழுதேன். இதைச் சொல்ல வெட்கமில்லை.

ஒன்றுவிட்டு ஒரு நாள் டயாலிசிஸ். மூன்று வாரம். படுக்கைக்கு அடியில் அளவுக் கோடு போட்ட ஜாடி. முப்பது மில்லி, இருபது மில்லி, ஒன்றுமில்லை. சவரி தாளில் எழுதுவார். குதிரைகளுக்கு எழுதும் அதே கையெழுத்து. பதினெட்டாம் நாள் எண்பது. அடுத்த நாள் நூற்றைம்பது. அதற்கு அடுத்த நாள் சவரி ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "அலாமாக், நானூறு!" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். பக்கத்துக் கட்டில் மலாய்க்கார அம்மாள் கை தட்டினார். நானும் தட்டினேன்.

அதன் பிறகு சிறுநீரகம் கட்டுப்பாடில்லாமல் கொட்டியது, ஒரு நாளைக்கு மூன்று லிட்டர். இதுவும் நல்ல குறிதான் என்றார்கள். கழுத்துக் குழாயை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்தேன். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ இரண்டு மாதம். படி ஏற மூன்று. கிரியாட்டினின் இறங்கி, பழைய இடத்துக்குப் போகாமல் கொஞ்சம் மேலேயே நின்றுவிட்டது. அது இனி அங்கேதான் இருக்கும்.

"குதிர மேல ஏறலாம். எறங்கி ஓடக் கூடாது," என்றார் டாக்டர் சுகுணா. "வலி மாத்திரை இந்த ஜென்மத்துக்கு வேணாம். வெயில்ல தண்ணி முக்கியம். இன்னொரு தடவ இப்டி ஆச்சுன்னா திரும்பி வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

ஒரு வருடத்துக்கு மேல் கழித்து, அதே தோட்டத்துப் பாதையில் நாற்பது கிலோமீட்டர் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். இருபது இருபதாக இரண்டு சுற்று. அதே மெலாத்தி. முதலாளி இரண்டு தரம் கேட்டார். சவரி ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. வேனுக்கு எண்ணெய் ஊற்றினார், பாட்டில்களுக்குப் புது டேப் ஒட்டினார்.

முதல் தண்ணீர் இடத்தில் வழக்கம்போல் கையை நீட்டிக்கொண்டு வந்தேன். அவர் நீலப் பாட்டிலைத் தரவில்லை. மெலாத்தியின் கடிவாளத்தைப் பிடித்து நிறுத்தினார். "இங்கயே குடி," என்றார்.

"நேரம் போவுது."

"போவட்டும் லா."

குடித்தேன். என் தொண்டை ஏறி இறங்குவதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். காலிப் பாட்டிலை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்த பிறகுதான் கடிவாளத்தை விட்டார். மற்றவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். அடுத்த இடத்திலும் அப்படியே. எனக்கு எரிச்சலாக இருந்தது. எரிச்சல்பட எனக்கு உரிமை இல்லை என்பதும் தெரிந்தது.

முதல் சுற்று முடிந்தது. மெலாத்தி ஒன்பது நிமிடத்தில் ஐம்பத்தாறு. நடையில் குறை இல்லை. நாற்பது நிமிட ஓய்வுக்கு நேரம் குறித்தார்கள். நான் ஒரு கண்ணாடிக் கிளாஸோடு கழிவறைக்குப் போனேன். இப்போதெல்லாம் அது இல்லாமல் எங்கேயும் போவதில்லை. வெளியே வந்து வெயிலில் தூக்கிப் பார்த்தேன். பால் இல்லாத தேநீர் நிறம். காலையில் அப்படி இல்லை. வெயிலால் இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். தொடையை அழுத்திப் பார்த்தேன், லேசாக வலித்தது. குதிரை ஏறினால் யாருக்கும் அவ்வளவு வலிக்கும்.

மறுநாள் எடுத்த ரத்தச் சோதனையில் எல்லாம் சரியாகவே இருந்தது. ஓட்டியிருக்கலாம் போலிருக்கிறது. அன்றைக்கு அது எனக்குத் தெரியாது.

குதிரையின் சோதனை அட்டையை எடுத்துக்கொண்டு வைத்தியர் ஹலிமிடம் போய், விலகிக்கொள்கிறேன் என்றேன். அவர் மெலாத்தியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "குடா ஓகே லா. எதற்கு?" என்று மலாயில் கேட்டார்.

"குதிரைக்கு இல்லை. எனக்கு."

அவர் அட்டையை மேலும் கீழும் புரட்டினார். துடிப்பு, ஈறு, வயிறு, நடை என்று எல்லாக் கட்டமும் குதிரைக்குத்தான். கடைசியில் ஓரத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சவரியிடம் சொன்னேன். கிளாஸை வாங்கிப் பார்த்தார். சேணத்தை இறக்கி வைத்துவிட்டு, சிவப்புப் பாட்டிலைத் திறந்து மெலாத்தியின் கழுத்தில் மெதுவாக ஊற்றினார். பிறகு நீலப் பாட்டிலை என்னிடம் நீட்டிவிட்டு, என்னைக் கவனிக்காமல் குதிரையின் குளம்பைப் பார்க்கக் குனிந்துவிட்டார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் நின்று பார்க்கவில்லை.

வேனின் நிழலில் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தேன். நாற்பது நிமிடம் முடிந்தது. எங்களோடு வந்த குதிரைகளின் எண்களை ஒலிபெருக்கியில் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்கள். குளம்புச் சத்தம் கேட்டு மெலாத்தி காதைத் தூக்கி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எழுந்திருக்கவில்லை. பாட்டிலில் இன்னும் பாதி இருந்தது.